நகராட்சி வாசலின் தேசியச் சின்னத்துக்கு நான் இட்ட எழுபத்து நான்கு கையெழுத்துகள்

அனுப்புநர்:
பௌலினோ எச்சவாரியா ரூவா (வயது 77),
ஓய்வுபெற்ற வடிவியல், ஓவிய ஆசிரியர்,
தற்போது பகல்நேர வாயிற்காவலர்,
நகராட்சி மன்றக் கட்டடம், பாலிசாதா, கியூபா.

பெறுநர்:
மாகாணத் தலைமை அரசு வழக்கறிஞர் அவர்கள்,
மக்கள் குறைகேட்புப் பிரிவு,
மாகாணத் தலைநகர்.

பொருள்: வாசல் முகப்பிலுள்ள வெண்கலத் தேசியச் சின்னத்தின் பாகங்கள் திருடப்பட்டது – துப்புரவுப் பணியாளர் நெரேய்தா பகல்யாவ் மீதான குற்றச்சாட்டு தவறானது – வரும் வியாழனன்று (21.07.2022) சின்னம் கழற்றப்படும் முன் நேரில் ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விசாரணைக் குழுவின் முடிவு, நாள் 15.06.2022.

மதிப்பிற்குரிய தோழர் அவர்களுக்கு,

வணக்கம். இம்மனுவை நகராட்சித் தபாலில் சேர்க்கவில்லை. அங்கே சேரும் கடிதங்கள் முதலில் யார் மேசைக்குப் போகின்றன என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் பேருந்தில் வந்து நேரில் கொடுக்கிறேன். யாரையும் காரணமின்றிச் சந்தேகிப்பது என் வழக்கமல்ல என்று எழுதத்தான் நினைத்தேன். கடந்த ஐந்து மாதங்களாக அது உண்மையல்ல என்பதால் அந்த வரியை அடித்துவிட்டேன்.

1. வேலை நாட்களில் காலை எட்டு மணிக்கு 'தேசியச் சின்னங்கள் தினசரிப் படிவ'த்தில் கையெழுத்திடுவது என் கடமை. கொடி, முகப்புச் சின்னம், சட்டமிட்ட தேசிய கீதம் ஆகிய மூன்றுக்கும் 'முழுமை', 'குறைவு' என இரண்டே கட்டங்கள் உண்டு. 'குறைவு' என்று போட்டால் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். நான் பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளில் யாரும் அப்படிப் போட்டதில்லை.

2. முப்பத்தோர் ஆண்டுகள் கரும்பலகையில் இச்சின்னத்தை மாணவர்களுக்கு வரைந்து காட்டியவன் நான். காலை பத்தேகால் மணிக்கு வெயில் முகப்பில் சாய்வாக விழும்போது, சின்னத்தின் மேல்பகுதியிலுள்ள சாவியின் நிழல் இரண்டு விரல் அகலம் இருக்கும். 16.02.2022 அன்று அது அரை விரல்கூட இல்லை. தடித்த வெண்கலத்துக்கு அவ்வளவு மெல்லிய நிழல் வராது. எனக்கு இடது கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்துள்ளது. எனவே அன்று நம்பவில்லை. அடுத்த நான்கு வேலை நாட்களும் அதே நேரத்தில் நின்று பார்த்து என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதினேன்.

3. கட்டட நிர்வாகி தோழர் எவெலியோ சந்தோயாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கூறியதை அப்படியே தருகிறேன்: "வாத்தியாரே, சாவி அங்க இருக்கா இல்லியா? இருக்குல்ல? அப்போ முழுமைதான். நிழலுக்கெல்லாம் படிவத்துல கட்டம் கிடையாது. போய்க் கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க." நான் 'முழுமை' என்று கையெழுத்திட்டேன்.

4. ஏப்ரல் 11 அன்று சின்னத்தின் உச்சியிலுள்ள தொப்பியின் நிழலும், மே 16 அன்று அதிலுள்ள பனைமரத்தின் நிழலும் அவ்வாறே மெலிந்திருக்கக் கண்டேன். அப்போதும் 'முழுமை' என்றே கையெழுத்திட்டேன்.

5. கட்டடத்தில் அந்த உயரத்துக்கு எட்டும் ஏணி ஒன்றுதான். அதை எடுப்பவர் பதியும் ஏணிப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. பிப்ரவரி 12, ஏப்ரல் 9, மே 14 ஆகிய மூன்று சனிக்கிழமைகளிலும், கட்டடத்தில் யாரும் இல்லாதபோது, 'விளக்கு மாற்ற' என்று எழுதி நிர்வாகி கையெழுத்திட்டு ஏணியை எடுத்திருக்கிறார். சென்ற டிசம்பரிலிருந்து எங்கள் கிடங்கில் ஒரு விளக்குகூட இல்லை. என் தலைக்கு மேலுள்ள விளக்கு இன்னும் எரியவில்லை. பிப்ரவரிப் பக்கம் இம்மாதம் கிழிக்கப்பட்டுவிட்டது. அதை முன்பே என் குறிப்பேட்டில் படியெடுத்திருந்தேன்.

6. நெரேய்தா இருவாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏணியேறிச் சின்னத்தை எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். பிப்ரவரி நடுவில் நிர்வாகி அவரிடம் எலுமிச்சை வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், உலர்ந்த துணி போதும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். அப்போது நான் வாசலில்தான் இருந்தேன். மே மாதம் நெரேய்தா இறங்கி வந்து என்னிடம் சொன்னது: "என்ன தேச்சாலும் பளபளக்க மாட்டேங்குது வாத்தியாரே. தட்டுனா டொக்கு டொக்குன்னு பூசணிக்கா மாதிரி சத்தம் வருது." பேசாமல் இருக்கும்படி நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டேன்.

7. ஜூன் 4, 5 தேதிகளில் காற்றோடு விடாமல் மழை பெய்தது. திங்கள் காலை ஏழரை மணிக்கு, நான் படிவத்தில் கையெழுத்திடும் முன், வாசலில் வரிசையாக நின்றவர்களின் முன்னால் சாவி ஊறிப்போய்த் தொங்கி விழுந்தது. வரிசையிலிருந்த பெண்மணி ஒருவர் அதை எடுத்துப் பிரித்துப் பார்த்து, "ஐயய்யோ, இது கோழிக்கால் வந்த பெட்டிடீ! எங்களுக்குக் கோழி வரலைன்னாங்க, பெட்டி மட்டும் வந்து மேல ஏறி உக்காந்திருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வெண்கல நிறம் பூசிய அந்த அட்டையின் உட்புறத்தில் ஜனவரி மாத முத்திரை தெளிவாக இருந்தது. எங்கள் உணவுக்கூடத்துக்கு ஜனவரிக்குப் பிறகு கோழி வரவில்லை. காலிப் பெட்டிகள் கிடங்கில் இருக்கின்றன. கிடங்கின் திறவுகோல் நிர்வாகியிடம் மட்டுமே உண்டு.

8. ஜூன் 14 அன்று விசாரணைக் குழு கூடியது. ஜூன் 3 வெள்ளி காலை 'முழுமை' என்று காவலர் சான்றளித்துள்ளார், அன்று மாலை ஏணியேறியவர் நெரேய்தா ஒருவரே, எனவே களவும் தேசியச் சின்ன அவமதிப்பும் அவர் செயலே என்று முடிவு செய்தார்கள். அவருக்கு எதிராக வேறு சாட்சி எதுவும் இல்லை. என் கையெழுத்துதான் சாட்சி. அவர் குழுவின் முன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்களாவது வாயத் தொறங்க. நான் மே மாசமே சொன்னேனா இல்லியா?" நான், படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது என்று மட்டும் கூறினேன். அவர் மறுநாள் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய கோப்பு இப்போது தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் சிறைக்குப் போக நேரும் என்று அவர் அஞ்சுகிறார்.

9. இதையும் மறைக்கக்கூடாது. சில நாட்கள் நானும் அவரையே சந்தேகித்தேன். அவருடைய மைத்துனர் மிதிவண்டிப் பட்டறை வைத்திருக்கிறார், உலோகம் உருக்குவார். வண்டியே இல்லாத நான், செயின் விலை கேட்பதுபோல அங்கே போனேன். நெரேய்தா உள்ளேயிருந்து வந்து, "நல்லா பாத்துட்டுப் போங்க வாத்தியாரே. கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டுப் போங்க" என்று திரையை விலக்கிப் பிடித்தார். அங்கே வெண்கலம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு முறையும் நிழல் மெலிந்தது சனிக்கிழமை ஏணிக்குப் பின்புதான், நெரேய்தா மட்டும் ஏறிய வாரங்களில் அது மாறவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

10. நிர்வாகி அப்பாகங்களைப் பழுதுபார்க்க அனுப்பியிருக்கலாம் என்றும் யோசித்தேன். அப்படியானால் வெளியேற்றுச் சீட்டு இருக்க வேண்டும். வாசலைத் தாண்டும் எந்தப் பொருளின் சீட்டும் என் வழியாகவே போகும். இதற்கு ஒன்றும் வரவில்லை. சென்ற வாரம் அவர் என்னை அழைத்து, "உங்க வயசுக்கு இந்த வாசல் வெயில் ஆகாது. பூங்காக் காவலுக்குப் போயிடுங்க. நிழல் இருக்கு, காத்து இருக்கு, சின்னம் கின்னம் ஒரு தொல்லையும் கிடையாது" என்றார். முன்மாதிரிக் காவலர் என்ற சான்றிதழும் தருவதாகச் சொன்னார். ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் கிடைக்காத சான்றிதழ் இப்போது ஏன் வருகிறது என்று தெரியவில்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

11. ஜூலை 26 புரட்சி நாள் விழாவுக்காகச் சின்னத்தைக் கழற்றிப் 'புதுப்பிக்க' அனுப்ப வரும் வியாழன் காலை நாள் குறித்திருக்கிறார்கள். மழையில் விழாமல் தப்பியதால் குழு ஏறிப் பார்க்காத தொப்பியும் பனைமரமும் இன்னும் அட்டையாகவே மேலே இருக்கின்றன. அவை கீழே இறங்கிவிட்டால் நெரேய்தாவைக் காப்பாற்ற என் குறிப்பேட்டைத் தவிர எதுவும் மிஞ்சாது. எழுபத்து நான்கு முறை பொய்யெழுதிய ஒருவனின் குறிப்பேட்டை யார் நம்புவார்கள்?

ஆகவே, தாங்கள் கனிவுடன்:

(அ) 16.02.2022 முதல் 03.06.2022 வரை, விடுமுறையும் விடுப்பும் நீங்கலாக, நான் இட்ட எழுபத்து நான்கு 'முழுமை'ச் சான்றுகளும் பொய் என்று கொள்ளவும், அது குற்றமானால் என் மீது வழக்குப் பதியவும்;

(ஆ) அந்தச் சான்றை மட்டுமே நம்பி நெரேய்தா பகல்யாவ் மீது தொடரப்பட்ட வழக்கைக் கைவிட்டு, அவரை மீண்டும் பணியில் சேர்க்கப் பரிந்துரைக்கவும்;

(இ) வியாழனுக்கு முன் சாட்சிகளின் முன்னிலையில் ஏணியேறிப் பார்க்க ஓர் அலுவலரை அனுப்பவும் வேண்டுகிறேன். கருவி எதுவும் தேவையில்லை. ஓர் ஈரத்துணியை ஐந்து நிமிடம் தொப்பியின் மீது அழுத்திப் பிடித்தால் போதும்.

நேற்று நெரேய்தாவின் வீட்டுக்குப் போய் இம்மனுவைப் படித்துக் காட்டினேன். வியாழன் காலை ஏணி வந்தால் அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வேன், யாரையும் ஏறவிட மாட்டேன் என்றும் சொன்னேன். அவர், "நீங்க உக்காருங்க வாத்தியாரே, அப்புறம் நம்புறேன்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. யாராவது குரலை உயர்த்தினால் எழுந்து வழிவிட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. எனவே, தோழர் அவர்களே, அலுவலர் புதன்கிழமையே வந்துவிட்டால் நன்றியுடையவனாவேன். ஒருவேளை அவர் வியாழன்தான் வர முடியுமென்றால், எட்டு மணிக்கு முன் வரட்டும். அதுவரை எழுந்திருக்க மாட்டேன்.

இணைப்பு: குறிப்பேட்டின் 41 பக்கங்கள், ஏணிப் புத்தகத்தின் ஏப்ரல், மே பதிவுகளின் கைப்பிரதி.

இடம்: பாலிசாதா
நாள்: 18.07.2022

மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதிகூறி ஒப்பமிடும்,

(ஒப்பம்)
பௌலினோ எச்சவாரியா ரூவா