ஷூவுடன் சோதிக்கப்பட்ட மின் அடுப்பை மறுபடி சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாடி வீட்டு வாடகைதாரரின் மூத்த மகள், வயது 16,
கதவு எண் 14, தண்ணீர்த் தொட்டிச் சந்து.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்.

பொருள்: எர்த் இல்லாத மின் அடுப்பு தொடர்பாக, "குறை ஏதும் இல்லை" என்று முடித்து வைக்கப்பட்ட புகாரை மறுபடி விசாரிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டு உரிமையாளர் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை உள்ளவர். கேஸ் அடுப்பு வெடித்துவிடும் என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டு, தாமே ஒரு மின் அடுப்பை வாங்கித் தந்தார். மூன்று மாதங்களாக அதைத் தொட்டால் அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறது. வெடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2. அடுப்பைப் பொருத்தியவர் உரிமையாளரின் மச்சான். அடுப்பிலிருந்து மூன்று வயர்கள் வந்தன. எங்கள் சுவரில் இரண்டுதான் இருந்தன. "செவுத்துல ரெண்டுதானே இருக்கு, மூணாவது எதுக்கு? கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டிருப்பான்" என்று சொல்லி, பச்சை வயரை நறுக்கி, டேப் சுற்றிப் பின்னால் செருகிவிட்டார். அந்தப் பச்சை வயர்தான் எர்த். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அடுப்போடு வந்த கையேடு. ஆறு முறை படித்திருக்கிறேன். எர்த் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும் என்று பக்கம் 4இல் தடித்த எழுத்தில் உள்ளது. எங்கள் அடுப்போ விளக்கும் ஃபேனும் ஓடும் அதே பழைய லைனில் ஓடுகிறது.

3. ஃபியூஸ் அடிக்கடி போனது. மச்சான் வந்து தடித்த கம்பி போட்டு, "இனி ஜென்மத்துக்கும் போகாது" என்றார். வாக்குத் தவறவில்லை. இப்போது சுவிட்ச் பெட்டிதான் சுடுகிறது.

4. அப்பா கொடுத்த புகாரின் பேரில், கடந்த 9ஆம் தேதி தங்கள் அலுவலக ஊழியர் வந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். அப்பா மரியாதைக்காக, "கழட்டாதீங்க சார், அப்படியே வாங்க" என்றார். ஊழியர் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூவுடன் உள்ளே வந்து, அடுப்பின் மேல் கையை வைத்து, "ஒண்ணும் இல்லையே" என்றார். அவருக்கு ஒன்றும் இல்லைதான். டெஸ்டர் அவர் பையிலேயே இருந்தது. "மின்கசிவு இல்லை. புகார்தாரருக்குத் திருப்தி" என்று எழுதி நீட்டினார். அப்பாவும் கையெழுத்துப் போட்டார். வீடு தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை போலும்.

5. அப்போது நான் கதவுக்குப் பின்னால், கையேட்டின் நான்காம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். "பாப்பா ஏதாவது சொல்லணுமா?" என்று ஊழியர் கேட்டார். "அவளா? அவ வாயத் திறந்தா மழை வரும் சார்" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் என் மீதும் குறை உண்டு என்பதால் இதையும் எழுதுகிறேன்.

6. 11ஆம் தேதி காலை, ஈரக் கையோடு பாத்திரத்தை இறக்கிய அம்மாவின் கை அடுப்போடு ஒட்டிக்கொண்டது. ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று பக்கம் 11இல் உள்ளது. நான் அம்மாவைத் தொடவில்லை. மெயினை நோக்கி ஓடினேன். அணைத்ததும் அம்மா கீழே விழுந்தார். கண் திறந்து முதலில் கேட்டது, "பால் பொங்கிடுச்சாடி?" என்பதுதான்.

7. வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன. உரிமையாளரிடம் சொன்னோம். "ஆபீஸ்லயே பாத்து ஓகேன்னு எழுதிட்டாங்க. உங்கம்மா கையைத் தொடைச்சுட்டுத் தொடட்டும்" என்றார். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னால், "அடுப்படியில செருப்பா? நல்லா இருக்குடி உன் சட்டம்" என்கிறார் அம்மா. ஆகவே செருப்பும் மரப்பலகையுமாக நான் சமைக்கிறேன். நான் குளிக்கப் போனால் அம்மா அடுப்பைப் போட்டுவிடுகிறார். அதனால் வேகமாகக் குளிக்கப் பழகிவிட்டேன்.

எனவே, டெஸ்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்துச் சோதிக்கும்படியும், எர்த்தும் தனி லைனும் கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் போட உரிமையாளருக்கு எழுத்து மூலம் உத்தரவிடும்படியும், அதுவரை அடுப்பின் இணைப்பைத் துண்டித்து வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். துண்டித்தால் கொஞ்ச நாள் ரொட்டியும் பழமும் சாப்பிட்டுக்கொள்வோம்.

வருபவரை ஷூவைக் கழற்றிவிட்டு அடுப்பைத் தொடச் சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலும் அவருக்காகக் காத்திருப்பார்கள். இந்த முறை நான் கதவுக்கு முன்னால் நிற்பேன். பேச்சு வராவிட்டால் இந்த மனுவின் நகலை நீட்டுவேன். "புகார்தாரருக்குத் திருப்தி" என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போடட்டும். இடக்கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தங்கள் ஊழியரின் வருகையை எதிர்பார்க்கும்,
மாடி வீட்டு வாடகைதாரரின் மூத்த மகள்
(கையொப்பம்)

நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை
இடம்: மேற்படி வீட்டின் சமையலறை வாசல்

இணைப்பு:
கையேட்டின் பக்கம் 4, பக்கம் 11 – நகல்கள்.
பச்சை வயர்த் துண்டு – ஒன்று, நான்கு விரல் நீளம். அடுப்பின் பின்னால் பெருக்கும்போது கிடைத்தது.