தட்டில் வைக்க முடியாதது

நெல்லித்தோப்பு,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுடர்விழி,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். புதன்கிழமை போனில், விமான நிலையச் சோதனையின்போது ஒரு பயணி உன்னிடம் சண்டை போட்டதைச் சொல்லிவிட்டு, "ஒளிக்க ஒண்ணும் இல்லாதவங்க ஏம்மா கூச்சப்படணும்" என்று கேட்டாய். நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன், வாயால் சொல்ல எனக்கு வராது.

அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு செல்வாம்பாள் அக்கா, "ஒம் பொண்ணு ஊர்ல உள்ளவங்க பையெல்லாம் நோண்டுதாமே, எங்க வூட்டுக்காரர் பையத்தான் நோண்ட ஆளில்ல" என்றாள், சிரித்துவிட்டேன். போன வருடம் நீ பயிற்சி முடித்து அணிவகுத்தபோது அப்பா மட்டும் வந்தார், எனக்குக் காய்ச்சல் என்றோம். இந்த வேலை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்று நீ அவரிடம் சொன்னாயாம். அப்படி இல்லை கண்ணு. நீ பயிற்சியில் இருந்தபோது கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கட்டியை எடுத்தார்கள் என்று சொன்னோமே, எடுத்தது கட்டியை மட்டும் இல்லை, இடது மார்பு முழுவதையும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தோம். துணியில் பை தைத்து, கனத்துக்காகக் கடுகு நிரப்பி ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்கிறேன். அணிவகுப்பில் உன்னைப் பார்க்க அப்பாவோடு நானும் கிளம்பித்தான் வந்தேன். விமான நிலையத்தில் திரைக்குப் பின்னால் சோதித்த பெண்ணின் கை அதில் பட்டது, வெளியே எடுத்துத் தட்டில் வைத்து மெஷினில் அனுப்பச் சொன்னாள். அவளுக்கு உன் வயதுதான் இருக்கும். அவள் மேல் தப்பில்லை, கடுகா வெடிமருந்தா என்று தொட்டுப் பார்த்து எப்படித் தெரியும். ஆனால் பெல்ட்டும் போனும் போகிற தட்டில், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, என்னால் அதை வைக்க முடியவில்லை.

அதனால் சோதிக்காதே என்று சொல்ல மாட்டேன், ஏறுகிறவர்கள் எல்லோரும் உன் கையை நம்பித்தான் ஏறுகிறார்கள். ஆனால் நம் வீட்டுக் குளியலறைக்கும் கதவு இருக்கிறது, உள்ளே யாரும் குண்டு செய்வதில்லை. ஒருத்தி தயங்கினால் திரையை முழுசாக இழுத்துவிட்டு மெதுவாகக் கேள். மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு துணியால் மூடி நீயே எடுத்துப் போ. விதியில் அதற்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது, உன் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்.

இதைப் படித்துவிட்டு அப்பாவைத் திட்டாதே, மறைக்கச் சொன்னது நான்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன், இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் டியூட்டிக்குப் போகாதே. நீ எங்கே நின்றாலும் நல்லபடி நிற்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உன் அம்மா,
சிவசங்கரி

பி.கு. அப்பா சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்றிருந்தார். நீங்கள் போங்கள் என்று அவருக்குக் கை காட்டினேன். என் டிக்கெட்டை ரத்து செய்து வெளியே விட்டார்கள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் நீ அணிவகுத்த நேரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.