மூணாவது வரியில நீ பிடிக்கிற கார்ட்

கிடார் துரை அவர்களுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். கோபத்தைத் தின்னு வயிறு நிறையலன்னா அதைத் தின்னு. சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார், கதவைத் திற. அவர்கிட்டயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே.

நேத்து ஒத்திகையில கிடாரைப் பெட்டியில போட்டு மூடிட்டு, "நான் இல்லாம ஒரு பாட்டு பாடிடு பாப்போம்"னு சவால் விட்டியே? இன்னைக்கு ராத்திரி ஹோட்டல் கச்சேரியில நீ இல்லாமத்தான் பாடப் போறேன். லேப்டாப்புல ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். பாட்டோட கார்ட்ஸை, அதான் நீ கிடார்ல ஒண்ணாச் சேத்துப் பிடிக்கிற சுரங்களை, வரிசையா டைப் பண்ணி, தாளத்தைச் சொன்னாப் போதும். டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாத்தையும் அதுவே வாசிச்சுடுது. லேட்டா வர்றதில்ல. அக்கான்னுகூடப் பாக்காம எல்லார் முன்னாடியும் கத்துறதில்ல.

ஒரே ஒரு இடம்தான் உதைச்சுது. கடைசிப் பாட்டுல மூணாவது வரி. புத்தகத்துல இருக்கிற கார்டைத்தான் போட்டேன், சுருதி சேரவே இல்ல. அப்புறம்தான் உறைச்சுது. அந்த இடத்துல நீ எப்பவும் தப்பா ஒண்ணைப் பிடிப்ப. அதைக் கேட்டுக் கேட்டு என் தொண்டையும் கெட்டுப் போச்சு. வேற வழியில்லாம உன் தப்பையே டைப் பண்ணேன். கச்சிதமா உக்காந்துடுச்சு.

உடனே கொம்பு முளைச்ச மாதிரி ஆடாதே. இது சமாதானமும் இல்ல.

சாவி கீழ் வீட்டு அக்காகிட்ட.

அப்புறம், லேப்டாப் சார்ஜரைக் காணோம். ஒளிச்சு வச்சது நீதான்னு தெரியும். பாட்டு பாதியில அது அணைஞ்சா, கிடாரோட அங்க நீ நிக்கணும். மிச்சச் சண்டையை வீட்டுக்கு வந்து போடலாம்.