நாற்பது நொடி

பேத்தியின் தாத்தாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை யார்மேலாவது எரிந்து விழுகிறீர்களா?

இந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி உலர்த்துவது என் வேலை. ஒரு கதிர்வீச்சுப் பொருள் நாற்பது நொடியில் பாதி அழிந்துபோகும். அதற்குள் தனியாகப் பிரிக்க வேண்டும். நேற்று தவறிவிட்டது. "பாட்டி, குழாயில ஈரம், அமிலம் நீர்த்துப்போச்சு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான் விஞ்ஞானி. மீதிக் குழாய்களைக் காகிதத்தில் கவிழ்த்துக் காட்டினேன், பொட்டு ஈரமில்லை. வடிகட்டியை முன்னாடியே எடுத்து வைக்காமல் தேடி நின்றவன் அவன்தான். "தப்பு என்னுதுதான் பாட்டி" என்று அங்கேயே சொல்லிவிட்டான்.

"அஞ்சாங்கிளாஸுக்கு எவன் வேலை கொடுப்பான்?" என்று சிரித்த நீங்கள், நான் இங்கே வந்து மூன்று வருஷமாகியும் 'தப்பு என்னுதுதான்' என்று சொல்லவில்லை. 'வா, வா' என்று மட்டும் எழுதுகிறீர்கள்.

போர்த்திக்கொள்ள என் பழைய பருத்திச் சேலையை அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வரியை எழுதுங்கள், நானே வருகிறேன். அதை எழுத நாற்பது நொடிகூட ஆகாது.