ஆறாம் நம்பர் உயிர்காப்புப் படகு

மச்சான், இன்று காலை கொட்டாஞ்சேனையில் என் பக்கத்து வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தேத்தண்ணீரை வைத்துவிட்டு வெளியே போனேன். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பச்சை பூசிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "அவங்கட கேற், அவங்கட துரு. உங்களுக்கென்ன?" என்று மனைவி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். எனக்கென்ன என்பது உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுத வேண்டும்.

நாம் இருவரும் ஒரே கிழமையில் வேலைக்கு ஏறியபோது அந்த உல்லாசக் கப்பல் வெள்ளை நிறம். நூலகம் இருந்தது, வயதானவர்கள் சோடி சோடியாக ஆடும் மண்டபம் இருந்தது. இரண்டாம் முதலாளி நீலம் அடித்து, நூலகத்தைச் சூதாட்டக் கூடமாக்கினான். மூன்றாமவன் மஞ்சள் அடித்து, மண்டபத்தைத் தடுத்து அறைகளாக்கினான். ஒவ்வொருவனும் கப்பலின் பெயரை மாற்றினான், எங்கள் உடுப்பை மாற்றினான், எங்களை வரிசையில் நிறுத்தி இது புதுக் கப்பல் என்று பேசினான். ஒருநாள் நீ துருத் தட்டும்போது விழுந்த பெயின்ட் சில்லொன்றை எடுத்துக் காட்டினாய். மஞ்சள், அதன் அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை. "மூண்டு முதலாளி. துரு மட்டும் ஒண்டுதான்" என்றாய்.

அப்போது நீ போசன். மேல்தள வேலையாட்கள் எல்லாரும் உன் பொறுப்பு. ஆறாம் நம்பர் உயிர்காப்புப் படகைத் தாங்கும் கம்பிவடம் உள்ளுக்குள் இற்றுப்போய்விட்டது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தாய். சீசன் முடியட்டும் என்றார்கள். பரிசோதகர்கள் வந்த அன்று, படகில் ஆட்களை ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னான் கம்பெனி மனேஜர். ஏறவேண்டிய ஆறு பேரில் நானும் ஒருவன். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "இறங்கடா. உன்ர மனிசிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

பிறகு மனேஜரிடம், உனக்குத் தெரிந்த இங்கிலீசில், வெறும் படகைத்தான் இறக்குவேன் என்றாய். இறக்கினாய். பாதித் தூரத்தில் வடம் அறுந்தது. படகு ஒரு பக்கம் தொங்கி ஆடி, பிறகு கடலில் விழுந்து பிளந்தது.

மனேஜருக்குப் பழி போட ஒரு ஆள் தேவைப்பட்டது. போசன் வடத்துக்குக் கிரீஸ் பூசாததால்தான் அறுந்தது என்று ஒரு கடிதம் தயாரானது. அதில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான். வைக்காவிட்டால் நீயும் வீட்டுக்குப் போ என்றார்கள். நீ கிரீஸ் பூசியதைக் கண்ணால் கண்டவன், உன்னால் உயிரோடு நின்றவன், பயந்து வைத்தேன். அடுத்த துறைமுகத்தில் உன்னை இறக்கினார்கள். அதன் பிறகு எந்தக் கப்பலும் உன்னை எடுக்கவில்லை.

நீ வெள்ளவத்தையில் ஹாட்வெயார் கடையில் வேலைக்கு நின்றாய். நான் லீவில் வந்தால் காலி வீதிக் கடையொன்றில் தேத்தண்ணீர் வாங்கித் தருவாய். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் உன் மனைவியின் தம்பி கறி பரிமாறியபடியே, "அத்தார் நல்ல மனிசன். வேலையில மட்டும் கவனமில்லை, அதாலதான் கப்பலால கலைச்சவங்கள்" என்றான். உன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சோற்றுக் கையோடு எழுந்தேன்.

"கவனமா இருந்தபடியாத்தான் கலைச்சவங்கள். அவர் கிரீஸ் பூசினவர், நான் பாத்தனான். பூசேல்லை எண்டு பொய்க் கையெழுத்து வச்சது நான்."

உன் மனைவி சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன் மகள்தான், "மாமா, இதை எழுதித் தருவீங்களோ?" என்றாள்.

எழுதினேன். நம்மைக் கப்பலுக்கு ஆள் பிடித்து அனுப்பிய ஏஜென்சியின் கோட்டைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பிள்ளை கம்பியூட்டரில் தேடினாள். "அங்கிள், அந்தக் கம்பெனி இப்ப இல்லை. நாலாவது ஆள் வாங்கி, கப்பலையும் உடைக்க வித்துப்போட்டாங்கள். இதை ஆருக்கு அனுப்புறது?"

இப்படித்தான் தப்பிக்கொள்கிறார்கள், மச்சான். வாங்குவான், பெயர் மாற்றுவான், விற்பான், கழன்றுவிடுவான். உன் மேல் போட்ட பழி மட்டும் பெயர் மாறாமல் கிடக்கும். அதை விட்டுவிட்டுப் போக நான் தயாரில்லை. "கப்பல் இல்லாட்டி என்ன? கையெழுத்து வச்சவன் உயிரோட இருக்கிறன். வாங்கி முத்திரை குத்துங்கோ" என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரை பார்த்துவிட்டுக் குத்தித் தந்தாள்.

ஒரு பிரதி உன் மகளிடம் இருக்கிறது. உன் மனைவி என்னோடு இன்னும் கதைப்பதில்லை. அது நியாயம். மற்றப் பிரதி எப்போதும் என் சட்டைப்பையில். நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் உன் மனைவியின் தம்பி மீன் பையோடு நழுவப் பார்த்தான். மறித்து நிறுத்தி, சனம் பார்க்கப் பார்க்க முழுவதையும் வாசித்துக் காட்டினேன். என் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.