பரணிதரன் சொல்லித்தான் இறங்கினான்

ஜூன் 9, 2025

எனக்கு எழுதத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

மகன் இளம்பரிதி செத்து பதினான்கு மாதம். ஆம்பூர் தோல் ஃபாக்டரியின் கழிவுத் தொட்டியில். "எறங்குடா, இல்லன்னா நாளைலேர்ந்து வராத" என்று மேனேஜர் பரணிதரன் சொன்னதை நாலடி தள்ளி, அங்கேயே பெருக்கிக்கொண்டு நின்று கேட்டவன் நான். 'குடித்துவிட்டுத் தானாக இறங்கினான்' என்று எழுதிய தாளை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று சொல்லி என்னிடமே கைநாட்டு வாங்கினான். பாவி.

ஜூன் 21

தோல் வாங்கும் ஹாலந்துக்காரர்கள் ஆகஸ்டில் வருகிறார்களாம். போன வருஷம் வந்தபோது அவர்களில் பெரிய அதிகாரியான ஒரு அம்மாவிடம் தமிழில் சொல்லி அழுதேன். பரணிதரன் இங்கிலீஷில் என்ன மாற்றிச் சொன்னானோ, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 24

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் தமிழினி அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறாள். சத்தம் போட்டு அந்த ஊர் பாஷையான டச்சு படிக்கிறாள். செய்தே ஆகவேண்டும் என்பதற்கு 'மூத்'. நேற்றைய கதை என்றால் 'மூஸ்த்'. தேவையில்லை என்றால் 'ஹூஃப் நீத்'. யார் கட்டாயத்தால் என்றும் சொல்லலாமாம்: ஆள் பெயருக்கு முன்னால் 'ஃபான்'.

ஒரு வரி சொல்லித்தரச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு தாத்தா?"

"ஒருத்தன காட்டிக் குடுக்க."

ஜூலை 2

மைன் ஸோன் மூஸ்த் ஃபான் பரணிதரன் இன் த டேங்க். என் மகன் பரணிதரன் கட்டாயத்தால் தொட்டியில் இறங்கவேண்டியதாயிற்று. இருநூறு தடவை சொல்லியிருப்பேன். "தூக்கத்துலயும் இத்தான் உளர்ற" என்கிறாள் என் மனைவி சுந்தரி.

ஜூலை 30

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 12

சொல்லிவிட்டேன்! ஷெட் வாசலில், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு. அவனுக்குப் புரிந்தது அவன் பெயர் மட்டும்தான். "யோவ், இன்னா சொன்ன? இன்னாய்யா சொன்ன?" அந்த ஹாலந்து அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கா புரியும்? அதே வரியை மறுபடி சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 29

ஹாலந்துக்காரர்கள் சென்னையிலிருந்து தமிழ் தெரிந்தவரை அனுப்பி ஒவ்வொருவராக விசாரித்தார்கள். தோல் பதனிடும் டிரம் ஓட்டும் ரஷீத் அஹமதும் சாட்சி சொன்னார். "என் காதுலயும் உழுந்துச்சு பெரியவரே. பயந்துட்டேன்."

செப்டம்பர் 17

பரணிதரனுக்கு வேலை போய்விட்டது. போலீஸும் தேடுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து நின்றான். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு பெரியவரே." நான் சொல்லவில்லை. சுந்தரி தண்ணீர் கொடுத்தாள். சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு குடித்தான். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் பார்த்தா மட்டும் மனசு ஆறிடுமா?" என்றாள் சுந்தரி.

ஆறியது.