மூட்டைக்குள் அடித்த போன்கள்

வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடைக்காரர் இன்று காலை நம் பத்திரிகையின் புது இதழை என் கையில் வைத்தார். தாள்கள் சுடச்சுட இருந்தன. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நின்று நீ ஸ்டேப்ளரைக் கேட்பதுபோல் இருந்தது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவர் தொடங்கிய பத்திரிகை. மற்றவர்கள் போடத் தயங்குவதை நாம் போட்டோம். பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பவர்களோடு நின்று நாமும் பிரதிகளை நீட்டுவோம். சிலர் திருநீற்றை அதில் மடித்துக்கொண்டு போவார்கள். எனக்குக் கோபம் வரும். "வீட்டுக்குத்தானே போவுது, பிரிச்சா படிப்பாங்கடி" என்பாய்.

அப்போதுதான் உன் ஊர்ப் பெண் ஒருத்தி வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணமாகாத பெண்கள் கையில் இனி போன் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். வீடு வீடாக வந்து வாங்கினார்கள். உன்னுடையதை உன் அப்பாவே எடுத்துக் கொடுத்தார். நீ சண்டை போடவில்லை. கதை எழுதினாய்.

கதையில் ஓர் ஊர், பெண்களின் போன்களை மூட்டையாகக் கட்டி மண்டபத்தில் வைக்கிறது. மூட்டை ஓயாமல் அடிக்கிறது. பெரியவர்கள் வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச, மகள்களைப் பற்றி அதுவரை கேட்டேயிராத சங்கதிகள் காதில் விழுகின்றன.

"வேற பேர்ல போடலாம்டி" என்றேன். "ஊரு பேரு வேணாம். என் பேரு இருக்கட்டும்" என்றாய்.

இதழ் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பஞ்சாயத்தில் உன்னை நிறுத்தினார்கள். துணைக்கு நானும் வந்தேன்.

"ஊரையே அசிங்கப்படுத்திட்டே. மன்னிப்புக் கேளு" என்றார் ஊர்த் தலைவர். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதையைப் படிச்சீங்களா?" என்று கேட்டாய்.

"அதை வேற படிக்கணுமா?"

"நானே படிக்கறேங்க. எந்த வரிக்கு மன்னிப்புன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

படித்தாய். கதையில் வரும் பெரியவர் போனை எடுத்து "அலோ" என்றதும், மறுமுனையில் ஒரு குரல், "உங்களுக்கு நர்ஸ் வேலை கெடச்சிருக்கும்மா, நாளைக்கே வந்து சேருங்க" என்றது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். எந்த வரி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அதோடு விடவில்லை. திருவிழாவில் உன் வீட்டை ஒதுக்கினார்கள். பேசி முடித்திருந்த உன் அக்காவின் கல்யாணம் நின்றது. அக்கா உன்னோடு பேசுவதையே விட்டாள். நீ செங்கம் சாலையில் அறை எடுத்து, ஒரு தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாய். போன்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மாக்கள் போய்க் கேட்டு வாங்கிவந்தார்கள். உன் கதையால்தான் என்று நான் சொன்னால், "அம்மாங்களாலடி" என்று திருத்துவாய்.

போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். போகுமிடமெல்லாம் அண்ணன் தன்னை வேவு பார்ப்பதைக் கதையாக எழுதி அனுப்பியிருந்தவள். "போடாதீங்கக்கா. நான் அந்தப் போன் கதை எழுதுனவங்கள மாதிரி தைரியசாலி இல்ல" என்றாள்.

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பஞ்சாயத்து முடிந்து ரோட்டுக்கு வந்ததும் நீ புளியமரத்தில் சாய்ந்துகொண்டாய். "காலெல்லாம் உதறுதுடி. புடிச்சுக்கோ, யாராவது பாத்துடப் போறாங்க" என்றாய். பஸ் வரும்வரை உன்னை அணைத்துப் பிடித்து நின்றேன். எல்லாரும் உன் துணிச்சலைப் பேசுகிறார்கள். என் தோளில் இன்னும் இருப்பது உன் நடுக்கம்.

"அவங்களுக்கே உதறுச்சா?" என்றாள்.

"உதறுச்சு."

பிறகு சொன்னாள்: "அப்போ என் பேரோடவே போட்டுடுங்கக்கா."